முப்பதாயிரத்து முப்பத்தொன்றின் சாதகம்

என் புருஷனுக்குக் கசம் என்று ஊர்காவற்றுறை டாக்குத்தர் சொன்ன நாளிலிருந்து நெடுந்தீவில் எங்கள் வீட்டுப் படலையைத் திறக்க ஆள் வரவில்லை. கசம் என்றால் நெஞ்சைத் தின்னும் வருத்தம். இன்றைக்கு அதற்கு ஊசி இருக்கிறது, குளிசை இருக்கிறது. அன்றைக்கு ஆட்டுப்பாலும் முட்டையும் கடவுளும்தான் இருந்தார்கள். அந்த மூன்றில் முட்டை மட்டும் ஒழுங்காகக் கிடைத்தது.

அவர் தீவில் இருந்த சின்ன ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். சீனியர் சோதனை பாஸ் பண்ணியிருந்தார்; அதற்கு மேல் படிக்க வழியில்லை. வருத்தம் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடத்தில் வேறு ஒருவரை வைத்தார்கள். அதில் நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகள் படிக்கிற இடம். ஆனால் அவர் உட்கார்ந்த கதிரையை முற்றத்தில் போட்டு எரித்தார்களாம், அதை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எனக்கு இருபத்தாறு. எங்களுக்கு ஒரே பிள்ளை, எட்டு வயதுப் பெண்.

வளவின் கோடியில், கல்வேலியை ஒட்டி, ஓலையால் ஒரு கொட்டில் போட்டோம். அவர் அங்கே, நானும் பிள்ளையும் வீட்டில். அவர் குடிக்க ஓலைப் பிளா. குடித்த பிறகு அதை எரித்துவிடுவோம். பிள்ளை கிட்டப் போகக் கூடாது. நான் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். குசினி வாசலிலிருந்து கொட்டில் வாசல் வரை எத்தனை அடி என்று முதல் நாளே அவர் அளந்து வைத்துவிட்டார்.

"இருபத்து மூண்டு. பிரிக்கேலாத எண். நல்ல சகுனம்," என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் கொஞ்சமில்லை. "உங்களுக்கு இதிலையும் கணக்கோ?" என்று கத்திவிட்டு உள்ளே போய் அழுதேன்.

ஆனால் அவருக்கு வேறு என்ன இருந்தது? படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரிவது கல்வேலியும் முற்றமும் நானும்தான். மாசி மாதம் நான் பனங்கிழங்கைப் பிளந்து, முற்றத்துப் பாயில் ஒடியலாகக் காயப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டு ஒடியலை நாலு நாலாக மூன்று வரிசை வைக்கலாம், ஆறு ஆறாக இரண்டு வரிசை வைக்கலாம். பதின்மூன்று என்றால் எப்படி வைத்தாலும் வரிசை குழம்பும். ஒன்றாவது துருத்திக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே நீள வரிசையாக வைக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்ணைத்தான் அவர் பிரிபடா எண் என்றார். இப்போது பிள்ளைகள் முதன்மை எண் என்று படிக்கிறார்கள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று அது போகும். பெரிய எண்களுக்குள் போகப் போக அவை அருந்தலாகி, ஒன்றுக்கொன்று தூரமாகிக்கொண்டு வரும். ஓரிடத்தில் அடியோடு நின்றுவிடுமா, நிற்கவே நிற்காதா என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

ஆடி மாதம் ஒரு காலை, நான் கஞ்சியோடு போனபோது எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் மினுங்கியது. காய்ச்சல் என்று நினைத்தேன்.

"இஞ்சாரும், நிக்காது! நிக்கவே நிக்காது!" என்றார்.

அவர் கண்டது இதுதான். பிரிபடா எண்களை முதலிலிருந்து வரிசையாகப் பெருக்க வேண்டும். வருவதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். இரண்டை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏழு. அதோடு ஐந்தையும் சேர்த்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முப்பத்தொன்று. ஏழையும் சேர்த்தால் 211. பதினொன்றையும் சேர்த்தால் 2311. இவை எல்லாம் பிரிபடா எண்கள். பெருக்கிய எந்த எண்ணால் பிரித்தாலும் கூட்டிய அந்த ஒன்று மிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே இப்படி உண்டாக்கும் ஒவ்வொரு எண்ணும் புதிய பிரிபடா எண்ணாகத்தான் இருக்கும் என்பது அவருடைய முடிவு. 2311 வரை தானே பிரித்துப் பார்த்துவிட்டார். அடுத்தது பதின்மூன்றையும் சேர்த்துப் பெருக்குவது. அது 30031.

அதற்குள் எழுதினால் இருமல் வரத் தொடங்கிவிட்டது. குனிந்தால் போதும், நெஞ்சு பிய்த்துக்கொண்டு வரும்.

"எனக்கு ஏலாது. நீர் பிரிச்சுத் தாரும்," என்றார்.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் பிரித்தல் கணக்கில் என்னை வெல்ல அந்த வகுப்பில் ஆள் இருக்கவில்லை. அந்தக் கர்வம் எனக்கு எப்போதும் உண்டு. இருந்தாலும் சும்மா ஒத்துக்கொள்வேனா?

"ஆட்டுக்குக் குழை வெட்ட வேணும், தண்ணி அள்ள வேணும். உந்த எண்ணைப் பிரிச்சு என்ன காணப்போறம்?"

அதற்கு அவர் சொன்னதை நான் ஒரு சொல்லும் விடாமல் வைத்திருக்கிறேன்.

"நான் போனாப் பிறகு சனம் என்ன சொல்லும்? கசத்திலை செத்தவன் எண்டு சொல்லும். எங்கடை பிள்ளையைக் கசக்காரன்ரை பிள்ளை எண்டு சொல்லும். அந்த வசனத்துக்குப் பக்கத்திலை வைக்க எனக்கு இன்னொரு வசனம் வேணும். ஒரு கணக்குக் கண்டவன் எண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்."

கொழும்பில் பெரிய கல்லூரியில் கணிதம் படிப்பிக்கும் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு எழுதுவது என்று தீர்மானித்தார். ஆனால் 30031 பிரிபடாது என்பதை முழுதாகச் சோதித்த பிறகே எழுதுவாராம். சோதிக்காமல் எழுதினால் கெட்டித்தனம் இல்லை, வாய்ச்சவடாலாம்.

173ஐ 173ஆல் பெருக்கினால் 29929. அடுத்த பிரிபடா எண் 179. அதை அதாலேயே பெருக்கினால் 30031ஐத் தாண்டிவிடும். அதனால் 173 வரைக்கும் உள்ள பிரிபடா எண்களால் பிரித்துப் பார்த்தால் போதும் என்றார். முதல் ஆறும் வேண்டாம், அவற்றால் பிரித்தால் ஒன்றுதான் மிஞ்சும். பதினேழில் தொடங்கி 173 வரை முப்பத்து நாலு எண்கள். அவற்றை ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நெருக்கி நெருக்கி, இருமலுக்கு நடுவில் எழுதித் தந்தார். பிரித்து முடித்த எண்ணை நான் வெட்ட வேண்டும். பக்கத்தில் மிச்சத்தைக் குறிக்க வேண்டும்.

இன்னொரு தாளில் அந்த எண்ணுக்கு ஒரு சாதகம் எழுதினார். விளையாட்டில்லை, உண்மையாகவே சாதகக் கட்டம் கீறினார், சுற்றிவரப் பன்னிரண்டு வீடும் நடுவில் பெரிய வெறுமையுமாக. ஒரு வீட்டில் ஒற்றை எண். ஒரு வீட்டில் இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழு. ஒரு வீட்டில் வர்க்க எண் இல்லை, 173இன் வர்க்கத்துக்கு மேல் நூற்றிரண்டு கூட. ஒரு வீட்டில் கன எண் இல்லை, முப்பத்தொன்றை மூன்று தரம் பெருக்கினால் 29791, இன்னும் இருநூற்று நாற்பது வேண்டும். ஒரு வீட்டில் முக்கோண எண்ணும் இல்லை: ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒடியலை முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போனால் நூற்று நாற்பத்தொன்று மிஞ்சும். இப்படியே எல்லா வீடும் நிரம்பின. நடுவில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அங்கே எழுத வேண்டியது, பிரிபடுமா படாதா என்பது.

"எங்கடை கலியாணத்துக்குச் சாதகம் பார்த்த சாத்திரியார் ஏழு பொருத்தம் எண்டவர்," என்றேன். "கசத்தை அவர் காணேல்லை."

அவர் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும். அதனால் அவரைச் சிரிக்க வைப்பதும் எனக்குப் பயம்தான்.

புரட்டாதியில் தொடங்கினோம். வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு பூவரசு. அதன் கீழ் மணைப்பலகையில் நான், மடியில் பிள்ளையின் சிலேட்டு. வேலையெல்லாம் முடித்து, நாளுக்கு இரண்டு எண், கூடினால் மூன்று. பிரித்து முடித்ததும் அங்கிருந்தே கத்துவேன்.

"பதினேழிலை ஒன்பது மிச்சம்!"

"திருப்பிப் பாரும்!"

"பாத்திட்டன்! ஒன்பதுதான்!"

பத்தொன்பதில் பதினொன்று. இருபத்து மூன்றில் பதினாறு. கல்வேலிக்கு அந்தப் பக்கம் மாடு கட்ட வருகிற பெண்கள் காது கொடுத்துக் கேட்பது எனக்குத் தெரியும். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. கசம் மூளைக்கு ஏறிவிட்டதாம், பெண்சாதிக்கும் தொற்றிவிட்டதாம். கதைக்கட்டும் என்று விட்டேன். அந்த வருஷத்திலேயே நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான். மிச்சம் இல்லை என்று மட்டும் வந்துவிடக் கூடாது என்று நயினை அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். ஓர் எண்ணுக்காக நேர்த்தி வைத்தவள் இந்தத் தீவுகளில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐம்பத்து மூன்று வரை வந்தோம். முப்பத்து மூன்று மிச்சம். அப்போது நவராத்திரியின் கடைசி மூன்று நாட்கள் வந்தன. சரஸ்வதிக்கு ஏடு வைக்கும் நாட்கள். புத்தகம் எல்லாம் பூசையில் இருக்கும், வாசிக்கவும் கூடாது எழுதவும் கூடாது. பிள்ளையின் புத்தகங்களை அடுக்கிவிட்டுக் கொட்டில் வாசலுக்குப் போனேன்.

"இதையும் வையும்," என்று, என்னிடம் பார்க்க வாங்கி வைத்திருந்த முப்பத்து நாலு எண்களின் தாளை நீட்டினார். "இதுவும் ஏடுதானே."

புத்தகத்துக்கு மட்டை இருக்கிறது. சந்தனம் மட்டையில் படும். தாளுக்கு மட்டை ஏது? மற்ற எதையும்விட இதற்குத்தான் அருள் வேண்டும் என்று நினைத்து, நன்றாகக் குழைத்த சந்தனத்தை எடுத்து, தாளின் நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்தேன். அதன் மேல் குங்குமம். ஆசையோடு வைத்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

அந்த மூன்று நாளுக்குள் அவர் முதல் தரம் இரத்தம் கக்கினார். விஜயதசமி அன்று ஏடு எடுத்து நாலெழுத்தாவது எழுத வேண்டும் என்பது வழக்கம். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். நான் தனியே பூவரசடியில் உட்கார்ந்து தாளை எடுத்தேன். சந்தனம் காய்ந்து தாளோடு தாளாக ஒட்டியிருந்தது. பூசையில் வைத்த சந்தனத்தை நகத்தால் சுரண்டக் கூடாது என்று வளர்ந்தவள் நான். பொட்டின் பக்கத்தில் நான் எழுதிய 33 என்ற மிச்சம் தெரிந்தது. ஆகவே பொட்டுக்குள் இருப்பது முடித்த எண். பொட்டுக்குக் கீழே தெரிவது 61. அதில் தொடங்கினேன்.

மிச்சம் பத்தொன்பது.

கொட்டில் வாசலில் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு எல்லா எண்ணையும் நானே தனியாகப் பிரித்தேன். ஐப்பசி பிறந்து சில நாளில் 173உம் முடிந்தது, மிச்சம் நூற்றிரண்டு.

"எல்லாம் பாத்தாச்சோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஒண்டிலையும் விழேல்லை?"

"விழேல்லை."

அவர் எழும்பி உட்கார்ந்து, சாதகத்தை மடியில் வைத்து, நடுக்கட்டத்தில் 'பிரிபடாதது' என்று எழுதினார். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போனது. பிறகு மூன்று நாள் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். நான் கூப்பிடத் தபாற்காரர் வந்து, கல்வேலிக்கு வெளியே நின்றபடியே வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமை முழுக்க அவர் நாளுக்கு இரண்டு வேளை சாப்பிட்டார். பிட்டுக் கேட்டார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது போலக்கூட எனக்குத் தெரிந்தது. பிள்ளையைத் தூரத்தில் நிற்க வைத்து, "ஐயா ஒரு எண்ணைப் பிடிச்சிட்டன் குஞ்சு," என்றார். மறுமொழி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் சம்மதம் என்றார். அதுவரை நான் எத்தனை மன்றாடியும் மாட்டேன் என்றவர்.

பிறகு மழை தொடங்கியது. ஓர் இரவு வீட்டுக் கூரை ஒழுகி, ஓலை விளிம்பில் செருகியிருந்த அந்த எண்களின் தாள் நனைந்துவிட்டது. விடிந்ததும் குசினியில் அடுப்பங்கரையில் அதை விரித்துக் காய வைத்தேன். சந்தனம் கரைந்து மஞ்சளாக ஓடியிருந்தது. பொட்டு இருந்த இடத்தில் இரண்டு எண்கள் தெரிந்தன. மேலே 53, நான் வெட்டிய கோட்டோடு. அதன் கீழே 59. அதன் மேல் வெட்டு இல்லை, பக்கத்தில் மிச்சம் இல்லை. அவர் எழுதிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

சிலேட்டு எடுக்கவும் எழும்பவில்லை. அடுப்புச் சாம்பலை நிரவி விரலால் பிரித்தேன். முந்நூறில் ஐந்து தரம், மிச்சம் ஐந்து. மூன்றை இறக்கினால் ஐம்பத்து மூன்று, போகாது, சைபர். ஒன்றை இறக்கினால் ஐந்நூற்று முப்பத்தொன்று. ஒன்பது தரம். ஒன்பது ஐம்பத்தொன்பது எவ்வளவு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஐந்நூற்று முப்பத்தொன்று.

மிச்சம் இல்லை.

சாம்பலை அழித்துவிட்டுத் திரும்பவும் பிரித்தேன். மூன்றாம் தரமும் பிரித்தேன். எண்ணுக்கு இரக்கம் கிடையாது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். குசினியிலிருந்து இருபத்து மூன்று அடி. கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன், வாசலில் வைத்தேன், "குடியுங்கோ" என்றேன், திரும்பி வந்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் கேட்டார், "இஞ்சாரும், கொழும்புக்குக் கடுதாசி போய்ச் சேர்ந்திருக்குமோ?" என்று. "சேர்ந்திருக்கும்," என்றேன். சொன்னால் அவர் கோபிக்கமாட்டார், அது எனக்குத் தெரியும். "பறவாயில்லை, விடும்" என்பார். அந்த விடும் என்ற சொல்லை அவர் வாயால் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

கார்த்திகையில் மறுமொழி வந்தது. தபாற்காரர் கடிதத்தைப் படலைப் பக்கக் கல்வேலி மேல் வைத்து, பறக்காமல் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, எனக்குக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். கொட்டில் வாசல் அந்தப் பக்கம் பார்த்ததில்லை, அவருக்குத் தெரியவில்லை. நல்ல தடித்த உறை. குசினிக்குள் கொண்டுபோய்க் கிழித்தேன். இரண்டு தாள், நாலு பக்கமும் ஆங்கிலம். ஓர் எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் முதல் பக்கத்தில், தனி வரியில், நடுவாக, எனக்கு விளங்குகிற ஒன்று இருந்தது.

59 × 509 = 30031.

மற்ற எழுத்தெல்லாம் அந்த ஒரு வரியைச் சுற்றி நின்று அவரைத் திட்டுவதாகத்தான் எனக்குப் பட்டது. நாலு பக்கத்துக்குத் திட்டியிருக்கிறானே பாவி என்று நினைத்தேன். அலுமாரியைத் திறந்து, என் கூறைச் சேலைக்கு அடியில் அதை வைத்துப் பூட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

தபால் வள்ளம் கிழமைக்கு இரண்டு தரம் வரும். அந்த நாட்களை அவர் தவறவிடமாட்டார்.

"வள்ளம் வந்ததோ?"

"வந்தது."

"கடுதாசி?"

"இல்லை."

அந்த இல்லையைச் சொல்ல நான் பழகிக்கொண்டேன். முதல் தரம் நாக்குத் தடுக்கியது. பிறகு உப்பு இருக்கிறதா என்றால் இல்லை என்பது போல வந்தது. வாடைக்காற்று கிளம்பி, கடல் பொங்கி, பத்து நாளுக்கு மேல் வள்ளம் ஓடவில்லை. தீவில் மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சனமெல்லாம் கடலைத் திட்டியது. நான் கடலுக்கு நன்றி சொன்னேன். அந்தப் பத்து நாளும் எனக்குப் பொய் சொல்லத் தேவைப்படவில்லை.

கடல் அடங்கி வள்ளம் வந்த அன்றும் இல்லை என்றேன். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"நான் எழுதின இங்கிலீசு பிழையா இருந்திருக்கும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்லை. கணக்குத்தான் ஒண்டுக்கும் ஆகாததாயிருக்கும். மறுமொழி போட ஒரு முத்திரைக்குக்கூட அது காணாது போலை," என்றார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அந்தச் சாதகத்தைக் கொண்டுபோய் அடுப்பிலை வையும்," என்றார்.

"இருக்கட்டுமே."

"வையும். நான் போனாப் பிறகு ஆரும் எடுத்துப் பாத்துச் சிரிக்க வேண்டாம்."

வைத்தேன். தாள் சுருண்டு பற்றியபோது, ஒரு பொய் எரிகிறது, இனி அவர் நிம்மதியாகக் கிடப்பார் என்று என் நெஞ்சு லேசானது. அந்த லேசை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

அதன் பிறகு அவர் வள்ளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பிட்டும் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிப் பேச்சும் எடுக்கவில்லை. நான் கத்தினேன், அழுதேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மார்கழியில் ஒரு மத்தியானம், நான் தண்ணீரோடு போனபோது முடிந்திருந்தது. தூக்க ஆள் காணாமல் என் தமையன் அடுத்த தீவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தான். ஊர் என்ன சொன்னதென்றால், அவர் முன்பே சொன்னதைத்தான் சொன்னது, கசத்திலை செத்தவர் என்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு நாள் எண்ணும்போது, முப்பத்தொன்று அவருடைய வரிசையில் வந்த எண் என்பது எனக்கு நினைவு வந்தது. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

பிறகு உலக யுத்தம் வந்தது. தமையன் பிள்ளையை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போய் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். நான் வளவோடு இருந்தேன். கொட்டிலை எரித்துவிட்டோம், பூவரசு நின்றது. அலுமாரியில் கூறைச் சேலைக்கு அடியில் கடிதமும் இருந்தது. எரிக்க மனம் வரவில்லை. ஒருவருக்கு வாசிக்கக் கொடுக்கவும் மனம் வரவில்லை.

ஒன்பது வருஷம் போனது. பிள்ளைக்குப் பதினேழு. விடுமுறைக்கு வந்தவள், என் கூறையை உடுத்திப் பார்க்கப் போகிறேன் என்று திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். நான் கிணற்றடியில் நின்றேன். திரும்பி வரும்போது அவள் நிலத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு தாளையும் வாசித்துக்கொண்டிருந்தாள். பறித்திருக்கலாம். கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"அம்மா, இது ஐயாவுக்கு வந்த கடுதாசி," என்றாள்.

"தெரியும். வாசி," என்றேன். "எனக்குத் தமிழிலை சொல்லு."

அவள் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் எண் பிரிபடுகிறது என்று தொடங்கி அந்த வரியை எழுதியிருந்தார் பேராசிரியர். அதற்குப் பிறகு இப்படி: இதனால் நீங்கள் மனம் உடைய வேண்டாம். உண்டாக்கும் ஒவ்வொரு எண்ணும் தானே பிரிபடா எண்ணாக இருக்கும் என்பது பிழை. ஆனால் பிரிபடா எண்களுக்கு முடிவில்லை என்பது முழுக்கச் சரி. உங்கள் நியாயமே அதற்குப் போதும். 59ஐயும் 509ஐயும் பாருங்கள். இரண்டும் பிரிபடா எண்கள், இரண்டும் நீங்கள் பெருக்கிய ஆறில் இல்லாதவை. உங்கள் எண் உடைந்தாலும் புதியவற்றைத்தான் வெளியே தருகிறது. அப்படித்தான் தர முடியும். இதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னர் கிரேக்கர் கண்டார்கள். புத்தகம் இல்லாமல், நோயில் படுத்துக்கொண்டு, ஒரு தீவில் இருந்து இதைத் தானாகக் கண்ட ஒருவரை நான் இதற்கு முன் அறிந்ததில்லை. என் மாணவர்களுக்கு உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன்.

அவர் கேட்ட வசனம் அதுதான். கொழும்பில் ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு முன்னால் அது சொல்லப்பட்டிருந்தது. இங்கே அது என் கூறைக்கு அடியில் கிடந்தது.

பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

பிரித்தல் எல்லாம் உங்கள் மனைவி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஐம்பத்தொன்பதில் மட்டும் தவறிவிட்டார். அவரைக் கோபிக்க வேண்டாம். இத்தனை பிரித்தல்களில் ஒன்றே ஒன்று என்றால் என் வகுப்பில் அவருக்குப் பரிசு கிடைக்கும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இனிப் பதினேழாலும் பெருக்கி, ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். இந்த முறை நெடுந்தூரம் போக வேண்டியிராது. என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் கடிதத்துக்குக் காத்திருப்பேன்.

அவள் பென்சில் எடுத்து உறையின் பின்பக்கத்தில் பெருக்கினாள். 510511. பதினேழால் பிரித்தாள், ஒன்று மிஞ்சியது. பத்தொன்பதால் பிரித்தாள். மிச்சம் இல்லாமல் போய்விட்டது. அதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது? அரிசி களைகிற நேரம்கூட இல்லை. ஒரு பிளாத் தண்ணீர் குடித்துவிட்டு அவரே செய்திருப்பார். செய்துவிட்டுச் சிரித்திருப்பார், இருமினாலும் சிரித்திருப்பார்.

"இது வரேக்கை ஐயா இருந்தவரோ?" என்று பிள்ளை கேட்டாள்.

"ஓம்."

"எவ்வளவு நாள்?"

"ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கூட."

அவள் தாளை மடித்தாள். திரும்ப விரித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் அம்மா குடுக்கேல்லை?"

"நோகும் எண்டு," என்றேன்.

"ஆருக்கு? ஐயாவுக்கோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒன்பது வருஷமாக எனக்கே நான் சொல்லி வைத்திருந்த மறுமொழி அது. பிள்ளை தலையை நிமிர்த்தினாள். அவருக்கு இருந்த அதே கண், சோதிக்காமல் ஒன்றையும் நம்பாத கண்.

"இல்லை," என்றேன். "எனக்கு."